எண்பத்திரண்டு குதிரைகளும் கடைமடையாரும்

கார் ஷோரூமுக்குள் வந்து, காரை ஏறெடுத்தும் பார்க்காமல், சக்கரத்தை மட்டும் விசாரித்துவிட்டுப் போன ஒரே மனிதர் இந்தப் பூமியிலேயே எங்கள் கடைமடையார்தான். வேறொருவர் இருப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படியே இருந்தாலும் அவர் கடைமடையாருக்குப் பங்காளியாகத்தான் இருப்பார்.

நான் அப்போது தேனி அல்லிநகரத்தில் ஒரு கார் ஷோரூமில் விற்பனையாளன். வெயிலில் வந்தவர்களை ஏசியில் உட்காரவைத்துக் காபி கொடுத்து, அவர்கள் காபியைக் குடித்து முடிப்பதற்குள் காரை விற்றுவிட வேண்டும் என்பது வேலை. வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள் எனக்கு மனப்பாடம். மைலேஜ் எவ்வளவு? டிக்கியில் எத்தனை வாழைத்தார் போகும்? வெள்ளை நிறம் உடனே கிடைக்குமா? சபரிமலை சீசனுக்குள் வண்டி வந்துவிடுமா? இதற்கு மேல் ஒருவரும் கேட்டதில்லை.

அன்றைக்கு மடித்துக் கட்டிய வேட்டியும் காலில் காய்ந்த சேறுமாக ஒருவர் உள்ளே வந்தார். நான் நீட்டிய காபியை வாங்கித் தரையில் வைத்தார். அப்படியே முன்சக்கரத்துக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, டயரை இரண்டு தட்டு தட்டினார்.

"தம்பி, இது எத்தனை எச்.பி.?"

எங்கள் பக்கத்தில் குதிரைத்திறன் என்பது படித்தவர்கள் சமாசாரம் இல்லை. கிணற்று மோட்டார் வைத்திருக்கிற எல்லோருக்கும் எச்.பி. தெரியும். அஞ்சு எச்.பி.யா, ஏழரை எச்.பி.யா என்று விசாரித்துத்தான் பெண்ணே கொடுப்பார்கள். ஆகவே நானும் உற்சாகமாக, "எண்பத்திரண்டு எச்.பி. அண்ணே!" என்றேன்.

"எங்கன?"

"எங்கனன்னா?"

"எண்பத்திரண்டு எங்கன இருக்குன்னு கேக்குறேன். இஞ்சின்லயா, இந்தா இங்கன வீல்லயா?"

எனக்குத் தெரியவில்லை. ட்ரெய்னிங்கில் இதைச் சொல்லித் தரவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டேன். அவர் கோயம்புத்தூர்க்காரர்; யாரிடமும் கோபப்படவே தெரியாதவர் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயர் அவருக்கு அந்த வாரத்தோடு போயிற்று.

"ஏனுங்க, கம்பெனியில இஞ்சின்ல வச்சுத்தானுங்க அளப்பாங்க. அதுதானுங்க ரூல்" என்றார் மேனேஜர்.

"அப்ப இஞ்சின மட்டும் கழட்டிக் குடுங்க, சாக்குல கட்டி எடுத்துட்டுப் போறேன். ரோட்டுல உருளுறது இஞ்சினா, வீலா? வீல்ல எம்புட்டு வந்து சேருதுன்னு சொல்லுங்கய்யா."

அவர் கேட்டது பைத்தியக்காரத்தனம் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். விளம்பரத்தில் போடுகிற குதிரைத்திறன் இஞ்சினில் அளந்தது. அந்தப் பலம் கிளட்ச், கியர்பாக்ஸ், அச்சு என்று ஒவ்வொன்றாகக் கடந்துதான் சக்கரத்துக்கு வருகிறது. ஒவ்வொரு இடத்திலும் உரசலிலும் சூட்டிலும் கொஞ்சம் போய்விடும். ஆகவே சக்கரத்தில் வருவது எப்போதும் குறைவுதான். எவ்வளவு குறைவு என்று எந்த விளம்பரத்திலும் போடுவதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. கேட்டவர் இவர் ஒருவர்.

அவர் ஏன் கேட்டார் என்பதற்கு அவருடைய பட்டப்பெயரே பதில். ராயப்பன்பட்டியைத் தாண்டி ஒரு கிளை வாய்க்கால் போகிறது. தண்ணீர் முதலில் நுழைகிற வயல்கள் தலைமடை. கடைசியில் இருப்பது கடைமடை. அந்தக் கடைமடைக்கும் கடைசியில் இவருடைய மூன்று ஏக்கர். அதற்கப்புறம் கருவேல முள்தான். ரேஷன் கார்டில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருக்கும். ஊருக்கு அவர் கடைமடையார்.

அந்த வருடம் இரண்டாம் போக நெல் பொதி கட்டி நின்றது. கதிர் வெளியே வருகிற நேரம். அவர் வயலில் மட்டும் கைவிரல் போகிற அளவுக்கு வெடிப்பு. கிணற்றில் மோட்டார் இருந்தது, தண்ணீர்தான் இல்லை. வாய்க்கால் ஆபீசில் போய்க் கேட்டால், "தலைமதகுல முழு அளவு விட்டிருக்கோம், அளவுகோலைப் பாருங்க" என்று ஒரே பதில். அங்கே அளவுகோலில் முழு அளவுதான். இவர் வயலுக்கு வருவதற்குள் தவளை நனைகிற அளவு. கடைமடையில் வந்து அளந்து பாருங்கள் என்று இவர் எத்தனையோ தடவை மனு கொடுத்தார். மதகில்தான் அளப்பது வழக்கம் என்று ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு வாரத்துக்குள் தண்ணீர் வராவிட்டால் மூன்று ஏக்கரும் பதர். முட்டிவலிக்காக பைக்கை விட்டுவிட்டு கார் வாங்கலாம் என்று நான் லீவில் இருந்த ஒருநாள் எங்களிடம் முன்பணம் கட்டியிருந்தவர், அந்தக் கோபத்தோடுதான் எங்கள் ஷோரூமுக்குள் நுழைந்தார். விடுகிற இடத்தில் அளந்துவிட்டு, சேருகிற இடத்தைப் பற்றி வாயே திறக்காத எவனையும் விடுவதில்லை என்று சபதம் செய்திருந்தார். முதலில் மாட்டியது நாங்கள்.

நாங்கள்தான் முதல் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒருமுறை சொந்தக்காரப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போயிருக்கிறார்கள். பையன் வீட்டார் சம்பளத்தைப் பெருமையாகச் சொன்னதும் இவர் துண்டை உதறிக்கொண்டு, "அது மதகுல. வீட்டுக்குள்ள எம்புட்டு வந்து சேருது?" என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டதும் பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டாராம். சம்பந்தம் அங்கேயே முறிந்தது. பெண் வீட்டார் இன்றைக்கும் இவருக்குத் தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுக்கிறார்கள்.

மேனேஜர் அவரை எப்படியாவது கிளப்பிவிட நினைத்து, வாயைக் கொடுத்தார். "வீல்ல அளக்கறதுக்கு உருளை மெஷின் இருக்குதுங்க. வண்டியை மேல ஏத்தி ஓட்டுனா அதுவே சொல்லிருமுங்க. ஆனா நம்ம பக்கம் இல்லீங்க."

"மெஷின் இல்லாட்டி என்ன? மலை இருக்குல்ல?"

யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் செய்து காட்டியதைப் பார்த்திருக்கிறார். "அவரு பேசுனது ஒண்ணும் வெளங்கல. கணக்கு வெளங்கிருச்சு" என்றார். வண்டியின் மொத்த எடையை ஏறிய உயரத்தால் பெருக்கி, ஏற எடுத்த நேரத்தால் வகுத்தால், சக்கரம் எவ்வளவு பலத்தோடு தள்ளியது என்று வந்துவிடும். லோயர் கேம்பில் அடிவாரம், குமுளியில் உச்சி. உயரத்தை செல்போனே சொல்லும். முன்பணம் கட்டிய வாடிக்கையாளர் என்பதால் சோதனை ஓட்டத்துக்கு வண்டி தர மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. மேனேஜர் என்னை ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார். போகும்போது, "திரும்பி வரும்போது அவரு இல்லாட்டியும் பரவாயில்லை" என்று காதில் சொன்னார்.

எடைமேடையில் ஆரம்பித்தது கூத்து. முன்னால் கடைமடையார். பின்னால் அவர் மனைவி ராசாத்தி அக்கா, அக்காவின் தம்பி பெருமாள், பாரத்துக்காக இரண்டு மூட்டை புண்ணாக்கு. எடைமேடைக்காரர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "என்ன சரக்கு?" என்றார்.

"நாங்கதான் சரக்கு. போடுங்க" என்றார் கடைமடையார்.

"ஆளுகளுக்கெல்லாம் சீட்டு போட முடியாதுண்ணே. சரக்கு பேர் வேணும். வாழையா, தேங்காயா, திராட்சையா?"

"சரக்குப் பேரு புண்ணாக்குன்னு போட்டுக்கங்க."

"ஏங்க, என்னையவும் சேத்தா புண்ணாக்குங்கிறீக?" என்று பின்னாலிருந்து ராசாத்தி அக்கா குரல் கொடுத்தார். "மொத்தமாப் போட்டுக்கங்க தம்பி. என்னையத் தனியா நிறுக்கிறதா இருந்தா இப்பவே இறங்கிருவேன்."

நாங்கள் நால்வரும் காரும் சேர்ந்து புண்ணாக்கு என்று சீட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

லோயர் கேம்பில் மலையிலிருந்து இறங்கும் பெரிய குழாய்களைப் பார்த்து, "இம்புட்டுத் தண்ணி விழுகுது. எனக்கு வர்றப்ப மட்டும் கழுத்தறுப்பு" என்று முனகிவிட்டு, கடைமடையார் செல்போனில் கடிகாரத்தை அமுக்கினார். "விடு தம்பி!"

விட்டேன். முதல் வளைவிலேயே முன்னால் வைக்கோல் லாரி. கேரளத்துக்கு வைக்கோல் ஏற்றிப் போகிற லாரிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், லாரி ஒரு பங்கு என்றால் வைக்கோல் மூன்று பங்கு இருக்கும். ரோடு முழுவதையும் அடைத்துக்கொண்டு அது நகர்ந்தது. எண்பத்திரண்டு குதிரைகளும் வைக்கோலுக்குப் பின்னால் பொறுமையாக நடந்தன. பெருமாள் தும்ம ஆரம்பித்தார். கடைமடையார் தலையை வெளியே நீட்டி லாரி டிரைவரின் குலத்தையே விசாரித்தார்.

பாதி தூரத்தில் பாதையோரம் ஒரு அம்மன் கோயில். ராசாத்தி அக்கா என் தோளைத் தட்டினார். "தம்பி, நிப்பாட்டுங்க."

"நிப்பாட்டாத! கடியாரம் ஓடுது!" என்று கத்தினார் கடைமடையார்.

"கடியாரம் ஓடுனா ஓடட்டும். ஆத்தாளுக்குச் சொல்லாம எந்த வண்டி இந்த மலை ஏறியிருக்கு? நிப்பாட்டுங்க தம்பி."

எனக்கு இரண்டு பேரிடமும் பயம்தான். அம்மனும் அக்காவும் ஒரே பக்கம் நின்றதால் நிறுத்தினேன். அக்கா இறங்கி, நிதானமாகக் கும்பிட்டு, எங்கள் நெற்றியிலும் காரின் முகத்திலும் திருநீறு பூசிவிட்டு ஏறினார். அதுவரை கடைமடையார் செல்போனைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தைக் கழித்துவிடலாமே என்றேன். "கழிக்கக் கூடாது. வழியில நிக்கிறதும் நட்டந்தான்" என்று சொல்லிவிட்டார்.

குமுளியில் டீக்கடை வாசலில் நின்று கணக்குப் போட்டார். போட்டுவிட்டு மறுபடி போட்டார். மூன்றாவது முறை என்னைப் போடச் சொன்னார். எப்படிப் போட்டாலும் ஒன்பதுதான் வந்தது.

"எண்பத்திரண்டுல ஒம்பது" என்றார் கடைமடையார். முகம் பிரகாசமாகிவிட்டது. "ஏலே பெருமாளு, அடிவாரத்துல எண்பத்திரண்டு குதிரை கிளம்புச்சு. ஒம்பதுதான் இங்கன வந்து நிக்கிது. மிச்ச எழுபத்து மூணு குதிரை எங்கனடா போச்சு?"

"எனக்கு என்ன மாமா தெரியும்? எனக்கு வைக்கோல் மூக்குல ஏறிருச்சு" என்றார் பெருமாள்.

"என் கெணத்து மோட்டாரே ஏழரை எச்.பி. அது மேல ஒரு சீட்டப் போட்டு ஓட்டிக்கிட்டு வந்திருக்கலாமேய்யா!"

டீக்கடைச் சேட்டன், "எந்தா பிரஸ்னம்?" என்று கேட்டார். கடைமடையார் அவரிடம் ஆதியோடு அந்தமாகச் சொன்னார். அவருக்குத் தமிழ் அரைகுறை. யாருடைய குதிரையோ தொலைந்துவிட்டது என்று நினைத்து மிகவும் வருத்தப்பட்டு, காசு வேண்டாம் என்றார்.

மறுநாளிலிருந்து ஷோரூமில் எங்களுக்குச் சனி. காலையில் கதவு திறக்கும்போதே கடைமடையார் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார். கார் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. விலைப்பலகையில் எண்பத்திரண்டுக்குப் பக்கத்தில், 'சக்கரத்தில் ஒன்பது' என்று நாங்கள் எழுத வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. வருகிற வாடிக்கையாளர்களிடம் சொந்த ஷோரூம் போல எழுந்து போய், "வாங்க வாங்க. வண்டி நல்ல வண்டிதான். ஒம்பது குதிரை, மிச்சம் வழியில மேயப் போயிருக்கு" என்பார். ஒரு டாக்டர் குடும்பம் அப்படியே திரும்பிப் போனது.

மேனேஜர் கெஞ்சினார், அதட்டினார், ஏசியை நிறுத்திப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. "அண்ணே, உங்களுக்கு என்னதாங்க வேணும்?" என்று கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சேருற எடத்துல எம்புட்டுன்னு ஒரு மனுசன் எனக்குச் சொல்லணும். நீங்க சொல்லுறீகளா, வாய்க்கா ஆபீசுல சொல்லுறாகளா, யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

அந்த வாரத்தில் உத்தமபாளையத்தில் வாய்க்கால் விவசாயிகள் கூட்டம். கடைமடையார் என்னையும் கூடவே இழுத்துக்கொண்டு போனார். "வண்டி ஓட்டுனது நீ. சாட்சி வேணும்" என்றார். அவரை ஷோரூமிலிருந்து கிளப்ப ஒரு வழி கிடைத்ததே என்று மேனேஜர் எனக்கு ஒருநாள் லீவு, பெட்ரோல் போட்ட கார் இரண்டையும் சந்தோஷமாகக் கொடுத்தார்.

கூட்டத்தில் முன்வரிசை முழுவதும் தலைமடைக்காரர்கள். நடுவில் சலவை வேட்டியோடு உட்கார்ந்திருந்தவர் என் மச்சான், என் மனைவிக்கு அண்ணன். அவர் வயல் மதகை ஒட்டினாற்போல் இருக்கிறது. மேடையில் வாய்க்கால் பொறியாளராகப் புதிதாக வந்திருந்த ஒரு பெண், முப்பது வயதுகூட இருக்காது. கடைமடையார் எழுந்து எடைச்சீட்டை ஆட்டிக்கொண்டு எண்பத்திரண்டையும் ஒன்பதையும் சொல்லி முடித்ததும், மண்டபம் வெடித்துச் சிரித்தது. என் மச்சான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். "வாய்க்கா கூட்டத்துக்குக் கார்க் கணக்கைத் தூக்கிட்டு வந்திருக்காரு பாருங்கப்பா!"

பொறியாளர் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தக் கணக்கைக் கொஞ்சம் குடுங்க" என்று வாங்கிப் பார்த்தார். ஒரு நிமிடம் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார்.

"ஐயா, பெருக்கல் வகுத்தல் எல்லாம் சரி. ஆனா கணக்கே தப்பு."

மண்டபம் இன்னும் கொஞ்சம் சிரித்தது.

"லாரிக்குப் பின்னாடி மெதுவாப் போயிருக்கீங்க. கோயில்ல நின்ன நேரத்தையும் சேர்த்திருக்கீங்க. ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிக்கவே இல்லை. அன்னைக்கு நீங்க எவ்வளவு பலத்தைப் பயன்படுத்துனீங்களோ அதுதான் ஒன்பது. வண்டியில எவ்வளவு இருக்குங்கிறது இல்லை. தொண்ணூறு பங்கு வழியில காணாமப் போகாது."

கடைமடையார் முகம் சுருங்கிவிட்டது. ஒரு வாரமாக எங்கள் ஷோரூமையே ஆட்டிப் படைத்த மனிதர், எடைச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிலை எனக்குப் பொறுக்கவில்லை. உட்கார்ந்துவிடுங்கள் என்று அவர் துண்டைப் பிடித்து இழுத்தேன். அவர் உட்காரவில்லை.

"அப்ப நெசமாவே எம்புட்டு கொறையும், தாயி?"

"நூத்துக்குப் பதினைஞ்சு இருபது குறையலாம். வண்டிக்கு வண்டி மாறும். உட்கார்ந்த இடத்துல யாராலயும் சொல்ல முடியாது. உருளையில ஏத்தி, சக்கரத்துல வச்சு அளந்தாத்தான் தெரியும்."

"இன்னொருக்காச் சொல்லுங்க."

"சக்கரத்துல அளந்தாத்தான் தெரியும்."

"சத்தமாச் சொல்லுங்க தாயி. முன்னாடி உக்காந்திருக்கவுகளுக்குக் கேக்கல."

பொறியாளர் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது. மண்டபத்துக்கு அதைவிடத் தாமதமாகப் புரிந்தது, சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கியது.

"என் கணக்கு தப்பு. ஒத்துக்கிறேன். பூராவும் தப்பு" என்றார் கடைமடையார். "இஞ்சின்ல அளந்தா வீல்ல எம்புட்டுன்னு தெரியாதுன்னு நீங்களே சொல்லிட்டீக. மதகுல அளந்துட்டு எனக்கு எம்புட்டு வருதுன்னு உங்க ஆபீசுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு? நூத்துக்கு இருபது போனாப் போகட்டும், மண்ணு குடிக்கிறதுதான். எண்பது வந்திருக்கணுமில்ல? வாங்க, வந்து அளந்து பாருங்க. எண்பது இருந்தா இந்த மண்டபத்துல அம்புட்டுப் பேரு கால்லயும் விழுறேன். இல்லாட்டி நான் இங்கன இருந்து நகர மாட்டேன். போலீசக் கூப்பிட்டாலும் சரி, பட்டாளத்தக் கூப்பிட்டாலும் சரி."

"மதகுல அளக்கிறதுதான் வழக்கம்" என்று என் மச்சான் எழுந்தார்.

"வழக்கத்தை நான் பார்த்துக்கிறேன்" என்றார் பொறியாளர். பேனாவை மூடினார். "ஐயா, வண்டி வச்சிருக்கீங்களா? எங்க ஜீப் ரிப்பேர்ல கிடக்கு."

என் சோதனை ஓட்ட வண்டியில்தான் போனோம். மதகில் அளவுகோல் முழு அளவு காட்டியது. அதைக் குறித்துக்கொண்டு கடைமடைக்குப் போனோம். பொறியாளர் செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலுக்குள் இறங்கினார். கொலுசு நனையவில்லை. எண்பது பங்கும் இல்லை, எட்டுப் பங்கும் இல்லை. பக்கத்தில் நெல் வெளுத்துப்போய் நின்றது. அதைப் பார்த்துவிட்டுப் பொறியாளரே, "கரையோரமா நடந்து மேல போலாம் வாங்க" என்றார்.

நடந்தோம். பின்னாலேயே கூட்டமும் வந்தது, முன்வரிசை உட்பட. பாதி வாய்க்கால் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு இடத்தில் தென்னமட்டைக் குவியல். கடைமடையார் மட்டையை இழுத்துப் போட்டார். அடியில் வாய்க்காலுக்குள் வாய் வைத்தபடி ஒரு ரப்பர்க் குழாய், மறுபுறம் ஒரு மோட்டார். கொஞ்ச தூரத்தில் இன்னொரு மட்டைக் குவியல். அப்புறம் இன்னொன்று. தலைமடைக்காரர்கள் வாய்க்காலில் வருகிற முறைத் தண்ணீர் போதாதென்று, கிணற்றுக்கு உறிஞ்சிக் கொண்டிருந்தார்கள்.

"இந்தா மேயுது பாருங்க, எழுபத்து மூணுல ஒண்ணு!" என்று ஒவ்வொரு குழாய்க்கும் கத்தினார் கடைமடையார்.

மூன்றாவது மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. பொறியாளர் நின்றார். "இது யாரோடது?"

அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் மச்சான் தன்னுடைய செல்போனில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். கடைமடையாருக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அவருக்குச் சாட்சி சொல்ல வந்தவன். என் சொந்தத்துக்கு எதிராகச் சொல்லு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை நான் சும்மா இருந்திருப்பேன்.

"எங்க மச்சானோடது மேடம்" என்றேன்.

"மாப்ள!" என்றார் மச்சான்.

"உங்களோடதுதானே மச்சான்? நீங்கதான போன மாசம் கூட்டிட்டு வந்து காட்டுனீக, நல்லா இழுக்குதுன்னு."

அதற்கப்புறம் மற்றவர்களுக்கும் வாய் திறந்துகொண்டது. இது உன்னுடையது, அது அவனுடையது என்று ஒருவரையொருவர் காட்டிக் கொடுத்துக்கொண்டார்கள். வெயில் சாய்வதற்குள் அத்தனை குழாய்களும் கரைமேல் கிடந்தன. இனி மதகிலும் அளப்பேன், கடைமடையிலும் அளப்பேன் என்று பொறியாளர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "அப்படி வழக்கம் இல்லையேம்மா" என்று யாரோ இழுத்தார்கள். "இன்னையிலேருந்து இருக்கு" என்றார்.

இரண்டு நாள் கழித்துக் கடைமடையார் வயலுக்குத் தண்ணீர் வந்தது. மேட்டுப் பக்கம் கொஞ்சம் பதராகப் போனது போனதுதான். மற்றதெல்லாம் தலையெடுத்துவிட்டது.

காரையும் வாங்கினார். சும்மா வாங்கவில்லை. 'சக்கரத்தில் எவ்வளவு வந்து சேரும் என்று எங்களுக்குத் தெரியாது' என்று மேனேஜர் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாவியை வாங்கினார். நாங்கள் போட்ட மாலையைக் கழற்றி நான்கு சக்கரங்களுக்கும் காட்டிவிட்டு, பிறகுதான் காருக்குப் போட்டார். மேனேஜர் கோயம்புத்தூருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

என் பாடுதான் கொஞ்சம் திண்டாட்டம். மச்சான் வீட்டில் காதுகுத்து நடந்தது, எங்களுக்கு அழைப்பு இல்லை. என் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மாமியார் போனை எடுப்பதில்லை. கல்யாணமான நாளிலிருந்து வருடா வருடம் அங்கிருந்துதான் எங்களுக்கு அரிசி வரும், அதுவும் நின்றது. நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. கடைமடையாரிடம் சத்தியமாகச் சொல்லவில்லை.

அறுப்பு முடிந்த மறு வாரம் எங்கள் வீட்டு வாசலில் அந்தக் கார் வந்து நின்றது. கடைமடையார் டிக்கியைத் திறந்து, முட்டிவலியோடு, என்னைத் தொடவிடாமல், ஒரு மூட்டை அரிசியை அவரே தூக்கி வந்து உள்ளே வைத்தார். என் மனைவி சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னண்ணே இது?" என்றேன்.

"மச்சான் வீட்டுலருந்து இனி வராதுல்ல" என்றார். "இனி வருசா வருசம் என் வயல்லருந்து வரும். வேணாம்னு சொன்னா வாசல்லயே உக்காந்திருவேன். என்னையப் பத்தித் தெரியுமில்ல உனக்கு?"

தெரியும். என் மனைவி அன்றைக்கே அந்த அரிசியில்தான் உலை வைத்தாள். இப்போதும் சொந்தத்தில் விசேஷ வீடுகளில் யாராவது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த ஆளுக்காகவா எங்களையெல்லாம் பகைச்சுக்கிட்ட?" என்று கேட்கிறார்கள். ஆமாம், அந்த ஆளுக்காகத்தான் என்று சொல்லிவிட்டுப் பந்தியில் போய் உட்காருகிறேன்.